டாடா குடும்பத்து கம்யூனிஸ்ட்டை எம்.பி ஆக்கிய லண்டன் தொகுதி! - பேட்டர்சி வடக்கின் 65 ஆண்டுக் கதை

2022 அக்டோபரில் ரிஷி சுனக் பிரிட்டன் பிரதமரானபோது, உலகம் முழுக்க இந்தியர்களின் செல்போன்களில் அந்தச் செய்திதான் சுற்றியது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் உச்சியில் அமர்ந்துவிட்டார் என்று கொண்டாடினார்கள்.

அதற்கு ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன்பு, 1922 நவம்பரில், லண்டனின் ஒரு தொழிலாளர் தொகுதி பம்பாயில் பிறந்த ஓர் இந்தியரைத் தன் எம்.பி-யாகத் தேர்ந்தெடுத்தது. இத்தனைக்கும் அப்போது இந்தியா அடிமை நாடு. நின்றவரோ, 'பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் ஒழிக' என்று மேடைக்கு மேடை முழங்கியவர். ஓட்டு போட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தொழிலாளர்கள்!

அந்தத் தொகுதியின் பெயர் பேட்டர்சி வடக்கு. இன்று வரைபடத்தில் அப்படியொரு தொகுதி இல்லை. 1918-ல் பிறந்து 1983-ல் மறைந்துவிட்டது. இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அது பார்த்த தேர்தல்கள் ஒவ்வொன்றும் ஒரு கதை.

புகையும் வியர்வையும் கலந்த ஊர்

தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கிறது பேட்டர்சி. நதிக்கு அந்தப் பக்கம் செல்சி, பணக்காரர்களின் வீடுகள். இந்தப் பக்கம் ரயில்வே பணிமனைகள், எரிவாயு ஆலை, மெழுகுவத்தித் தொழிற்சாலை, இவற்றுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளர் குடியிருப்புகள். பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ் குடும்பங்களும் இங்கே அதிகம்.

இப்படிப்பட்ட ஊரில் அரசியல் சூடாக இல்லாமல் இருக்குமா? 1892-லேயே ஜான் பர்ன்ஸ் என்ற இன்ஜினீயரிங் தொழிலாளியை பேட்டர்சி தன் எம்.பி-யாக அனுப்பியது. அவர் பிறகு லிபரல் அரசில் அமைச்சராகி, பிரிட்டிஷ் அமைச்சரவையில் அமர்ந்த முதல் தொழிலாளி என்ற பெயரையும் பெற்றார். 1914-ல் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியபோது, அதை எதிர்த்துப் பதவியைத் தூக்கி எறிந்தார்.

உள்ளாட்சியும் சளைத்ததல்ல. கான்ட்ராக்டர்களை நம்பாமல், நகராட்சியே ஆட்களை வேலைக்கு வைத்து ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. 1903-ல் திறக்கப்பட்ட லாட்ச்மியர் குடியிருப்பு அப்படி உருவானதுதான்.

ஒரே ஒரு ஓட்டில் வந்த கறுப்பின மேயர்

1913 நவம்பரில் பேட்டர்சி நகராட்சிக்கு மேயர் தேர்தல் நடந்தது. மேயரை கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். போட்டியில் இருந்தவர்களில் ஒருவர் ஜான் ஆர்ச்சர். லிவர்பூலில் பிறந்தவர். தந்தை பார்படோஸ் தீவைச் சேர்ந்த கறுப்பினத்தவர், தாய் ஐரிஷ் பெண். பேட்டர்சியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார்.

அவருடைய நிறத்தையும் பிறப்பையும் பற்றிப் பத்திரிகைகளில் கண்டபடி எழுதினார்கள். அவர் பிரிட்டிஷ்காரரே இல்லை என்றும் புரளி கிளம்பியது. வாக்குகள் எண்ணப்பட்டபோது ஆர்ச்சருக்கு 40, எதிராளிக்கு 39. ஒரே ஓட்டு வித்தியாசத்தில், லண்டனின் முதல் கறுப்பின மேயர் ஆனார். இந்தச் செய்தி உலகின் எல்லாக் கறுப்பின மக்களையும் சென்றடையும் என்று அன்று பெருமிதத்தோடு பேசினார் அவர்.

இந்த ஆர்ச்சரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முக்கியமான இடத்தில் மீண்டும் வருவார்.

74 வயதில் முதல் தேர்தல்

1918-ல் பிரிட்டனின் தேர்தல் விதிகள் தலைகீழாக மாறின. அதுவரை சொத்து, வாடகை என்று பார்த்துத்தான் ஆண்களுக்கே ஓட்டு. புதிய சட்டத்தால் 21 வயதான ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. பெண்களுக்கும் முதன்முறையாகக் கிடைத்தது. ஆனால், 30 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், சொத்துத் தகுதியும் வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. வாக்காளர் எண்ணிக்கை பெருகியதால் தொகுதிகளும் மாற்றி வரையப்பட்டன. பழைய பேட்டர்சி இரண்டாகி, வடக்கு, தெற்கு என்று பிரிந்தது.

பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்ற சட்டமும் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. அடுத்த மாதமே பொதுத்தேர்தல். நாடு முழுக்கத் துணிந்து களமிறங்கிய பெண்கள் வெறும் 17 பேர். அதில் ஒருவர் பேட்டர்சி வடக்கில் தொழிற்கட்சி சார்பில் நின்ற சார்லட் டெஸ்பார்ட். அப்போது அவருக்கு வயது 74!

வசதியான குடும்பத்தில் பிறந்தவர் டெஸ்பார்ட். கணவர் இறந்த பிறகு நைன் எல்ம்ஸ் என்ற ஏழைப் பகுதிக்கு வந்து, அந்த மக்களோடு மக்களாக வாழத் தொடங்கினார். பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்றார். போரை எதிர்த்தார். அவருடைய தம்பி ஜான் ஃபிரெஞ்ச் யார் தெரியுமா? அதே போரில் பிரான்ஸில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஃபீல்டு மார்ஷல்!

போர் முடிந்த வேகத்தில் நடந்த தேர்தல் அது. வெற்றிக் களிப்பில் இருந்த நாட்டில், போரை எதிர்த்த மூதாட்டிக்கு இடமில்லை. கூட்டணி அரசின் ஆதரவு பெற்ற லிபரல் வேட்பாளர் ரிச்சர்ட் மோரிஸ் ஜெயித்தார். புதிய தொகுதியின் முதல் எம்.பி அவர்தான்.

டாடாவின் சகோதரி மகன்

நான்கு ஆண்டுகள் கழித்து, 1922-ல் தொழிற்கட்சி இங்கே நிறுத்திய வேட்பாளர்தான் ஷாபூர்ஜி சக்லத்வாலா.

1874-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். அம்மா ஜெர்பாய், தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாடாவின் சகோதரி. டாடா இரும்பாலைக்காக இரும்புத்தாதும் நிலக்கரியும் தேடி, இந்தியக் காடுகளில் அலைந்தவர்களில் சக்லத்வாலாவும் ஒருவர். காட்டு வாழ்க்கை மலேரியாவைக் கொடுத்தது. உடம்பு தேற 1905-ல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே மேட்லாக் என்ற ஊரில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தபோது, அங்கு பரிமாறும் வேலையில் இருந்த சாரா மார்ஷைச் சந்தித்தார். 1907-ல் கல்யாணம். ஐந்து குழந்தைகள்.

டாடாவின் லண்டன் அலுவலகத்தில் வேலை, கையில் நல்ல சம்பளம். ஆனால், அவர் மனம் போனது தொழிலாளர் கூட்டங்களின் பக்கம். 1921-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சியிலும் தொழிற்கட்சியிலும் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருக்க முடிந்தது. அதனால்தான் தொழிற்கட்சி வேட்பாளராக அவரால் நிற்க முடிந்தது.

அவருடைய தேர்தல் ஏஜென்ட் யார்? முன்னாள் மேயர் ஜான் ஆர்ச்சர்! ஒரு கறுப்பினத்தவர் திட்டம் போட, ஓர் இந்தியர் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்க, லண்டனே வேடிக்கை பார்த்தது.

முடிவு: சக்லத்வாலாவுக்கு 11,311 வாக்குகள். அடுத்து வந்த லிபரல் பிரிவைச் சேர்ந்த ஹென்றி ஹாக்பினுக்கு 9,290. வித்தியாசம் 2,021. தாதாபாய் நௌரோஜி, மன்சேர்ஜி பவநகரி ஆகியோருக்குப் பிறகு பிரிட்டிஷ் மக்களவைக்குள் நுழைந்த மூன்றாவது இந்தியர் சக்லத்வாலா. மூவருமே பார்சிகள்.

வெள்ளைக்காரர்கள் ஏன் ஓட்டு போட்டார்கள்?

பேட்டர்சி தொழிலாளிக்கு இந்தியாவைப் பற்றி என்ன கவலை? சக்லத்வாலா அதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருந்தார்.

வங்காளத்தின் சணல் ஆலையில் ஒரு தொழிலாளிக்கு அரை வயிற்றுக்குக் கூலி கொடுத்தால், ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் அதே சணல் வேலை செய்பவரின் சம்பளமும் விழும். முதலாளி ஆலையை எங்கே மலிவோ அங்கே கொண்டுபோவார். ஆகவே, இந்தியத் தொழிலாளியின் கூலி உயர்வதுதான் உங்கள் வேலைக்குப் பாதுகாப்பு என்றார். வேலையில்லாத் திண்டாட்டமும் வாடகைச் சுமையும் கழுத்தை நெரித்த காலத்தில் இந்தக் கணக்கு மக்களுக்குப் புரிந்தது.

இன்னொரு காரணம், அமைப்பு பலம். பேட்டர்சியின் தொழிற்சங்கங்களும் தொழிற்கட்சிக் கிளையும் கைகோத்து, வீடு வீடாகச் சென்றன. வேட்பாளர் எந்த ஊர்க்காரர் என்பதைவிட, தங்கள் சங்கம் யாரைக் கைகாட்டுகிறது என்பதைத்தான் வாக்காளர்கள் பார்த்தார்கள்.

186... 542... மூச்சு முட்டிய முடிவுகள்

1922-ல் வந்த அரசு ஓராண்டுதான் தாங்கியது. 1923 டிசம்பரில் மீண்டும் தேர்தல். எதிர்த்தரப்பு இம்முறை உஷாராகிவிட்டது. ஓட்டு பிரியாமல் ஹாக்பின் மட்டும் நின்றார். நேருக்கு நேர் மோதலில் ஹாக்பினுக்கு 12,527, சக்லத்வாலாவுக்கு 12,341. வெறும் 186 வாக்குகளில் தோல்வி! கவனிக்க வேண்டியது என்னவென்றால், முந்தைய தேர்தலைவிட அவருக்கு ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடியிருந்தன. இருந்தும் தோற்றார்.

அடுத்த ஆண்டே, 1924 அக்டோபரில், மூன்றாவது தேர்தல். இப்போது நிலைமை இன்னும் சிக்கல். கம்யூனிஸ்ட்டுகள் இனி தொழிற்கட்சி வேட்பாளர்களாக நிற்க முடியாது என்று கட்சி மாநாடு முடிவெடுத்துவிட்டது. சக்லத்வாலா கம்யூனிஸ்ட் வேட்பாளராகவே நின்றார். பேட்டர்சியின் உள்ளூர்த் தொழிற்கட்சியோ தலைமையின் பேச்சைக் கேட்காமல் அவருக்கே வேலை செய்தது.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, 'டெய்லி மெயில்' பத்திரிகை ஒரு குண்டைப் போட்டது. பிரிட்டனில் புரட்சியைத் தூண்டும்படி மாஸ்கோவிலிருந்து ஸினோவியேவ் எழுதியதாக ஒரு கடிதம். அது போலி என்று பின்னாளில் தெரியவந்தது. ஆனால், அன்றைக்கு நாடே மிரண்டது. தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது. அதன் இடங்கள் 191-லிருந்து 151 ஆகச் சரிந்தன.

'ரஷ்யப் பூச்சாண்டி' உச்சத்தில் இருந்த அந்தத் தேர்தலில், வெளிப்படையாகக் கம்யூனிஸ்ட் என்று சொல்லி நின்றவர் தோற்றிருக்க வேண்டும்தானே? சக்லத்வாலாவுக்கு 15,096, ஹாக்பினுக்கு 14,554. ஊரெல்லாம் ஒரு பக்கம் சாய, பேட்டர்சி வடக்கு மறுபக்கம் சாய்ந்தது. 542 வாக்குகளில் வென்று, நாடாளுமன்றத்தின் ஒரே கம்யூனிஸ்ட் உறுப்பினராக உள்ளே போனார்.

சிறை, விசா, பூணூல்

அடுத்த ஐந்து ஆண்டுகள் அவருக்கு அமைதியே இல்லை.

1925-ல் வாஷிங்டனில் நடந்த உலக நாடாளுமன்ற உறுப்பினர்கள் மாநாட்டுக்குச் செல்லவிருந்தார். அமெரிக்க அரசு விசாவை ரத்து செய்தது. அதே ஆண்டு டாடா நிறுவன வேலையையும் விட்டார்.

1926 மே தினத்தன்று ஹைட் பார்க்கில் பேசும்போது, வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்கள் மீது ராணுவம் சுடக் கூடாது என்றார். பொது வேலைநிறுத்தம் தொடங்கிய நேரம். கைது செய்தார்கள். நன்னடத்தைக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றது நீதிமன்றம். மறுத்துவிட்டார். பதவியில் இருக்கும் எம்.பி, இரண்டு மாதம் சிறைக்குப் போனார்.

1927 தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தார். ஊர் ஊராக வரவேற்புகள். சென்னைக்கும் வந்தார், இங்கே அவரை வரவேற்றவர்களில் முக்கியமானவர் சிங்காரவேலர். காந்தியைச் சந்தித்து, கதர் இயக்கம் தொழிலாளர்களைக் காப்பாற்றாது என்று வாதாடினார். இருவரும் கடிதங்களிலும் விவாதித்துக்கொண்டார்கள். அவர் லண்டன் திரும்பிய பிறகு, மீண்டும் இந்தியாவுக்குச் செல்ல பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கவில்லை. பிறந்த மண்ணை அவர் அதன் பிறகு பார்க்கவே இல்லை.

அதே ஆண்டு லண்டனின் காக்ஸ்டன் ஹாலில் தன் பிள்ளைகளுக்கு நவ்ஜோத் சடங்கு செய்து வைத்தார். பார்சிக் குழந்தைகளுக்குப் பூணூல் அணிவித்து மதத்தில் சேர்க்கும் சடங்கு அது. கம்யூனிஸ்ட் கட்சி கொதித்தது, அவரைக் கண்டித்தது. அவர் கண்டனத்தை ஏற்றுக்கொண்டார். கட்சியையும் விடவில்லை, குடும்பத்தின் வேரையும் விடவில்லை.

தோழர் எதிரணியில்

இதற்கிடையே பேட்டர்சியில் ஒரு பெரிய விரிசல். தலைமையின் உத்தரவை மீறிக் கம்யூனிஸ்ட்டுகளை அணைத்துக்கொண்டிருந்த உள்ளூர்க் கிளையை, 1926-ல் தொழிற்கட்சி நீக்கியது. அதற்குப் போட்டியாகப் புதிய அதிகாரபூர்வ கிளை முளைத்தது. அதன் பக்கம் போனவர், ஜான் ஆர்ச்சர்!

துரோகமா, நடைமுறை அரசியலா? ஆர்ச்சரின் பார்வையில், தொழிலாளர்கள் ஆட்சியைப் பிடிக்க ஒரே வழி தொழிற்கட்சிதான். கம்யூனிஸ்ட் கட்சியோ அப்போது தொழிற்கட்சியையே எதிரியாக அறிவித்துவிட்டது. நடுவில் நிற்க இடமே இல்லாமல் போனது.

1929 மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி, வில்லியம் சாண்டர்ஸை நிறுத்தியது. அவருடைய தேர்தல் ஏஜென்ட் ஆர்ச்சர். ஏழு ஆண்டுகளுக்கு முன் எந்தத் தெருக்களில் சக்லத்வாலாவுக்காக ஓட்டுக் கேட்டாரோ, அதே தெருக்களில் அவருக்கு எதிராக ஓட்டுக் கேட்டார். சாண்டர்ஸ் ஜெயித்தார். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஆர்தர் மார்ஸ்டன் இரண்டாமிடம். சக்லத்வாலா 6,554 வாக்குகளோடு மூன்றாமிடம்.

1931-ல் விடாமல் மீண்டும் நின்றார். பொருளாதார நெருக்கடியில் தொழிற்கட்சியே உடைந்து சிதறியிருந்த நேரம். மார்ஸ்டன் எளிதாக வென்றார். சக்லத்வாலாவுக்குக் கிடைத்தது 3,021. மொத்த வாக்குகளில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை, 150 பவுண்டு டெபாசிட்டும் போனது.

அடுத்த ஆண்டு ஆர்ச்சர் காலமானார். 1936 ஜனவரியில் சக்லத்வாலா மறைந்தார். அவருடைய அஸ்தி லண்டனுக்கு வெளியே புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தின் பார்சி பகுதியில் வைக்கப்பட்டது. தாய்மாமன் ஜாம்ஷெட்ஜி டாடாவின் சமாதி இருப்பதும் அதே இடத்தில்தான். எதிரெதிர் பாதையில் போன முதலாளியும் கம்யூனிஸ்ட்டும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உறங்குகிறார்கள்.

37 ஆண்டுகள் ஒரே எம்.பி

புயலுக்குப் பின் அமைதி வந்தது. 1935-ல் சாண்டர்ஸ் தொகுதியைத் தொழிற்கட்சிக்கு மீட்டுக் கொடுத்தார். 1940 இடைத்தேர்தலில் பிரான்சிஸ் டக்ளஸ் வந்தார். 1946-ல் அவர் மால்டா தீவின் கவர்னராகப் போக, மீண்டும் இடைத்தேர்தல். அதில் ஜெயித்த டக்ளஸ் ஜே, 1983 வரை 37 ஆண்டுகள் அசைக்க முடியாத எம்.பி. வர்த்தகத் துறை அமைச்சராகவும் இருந்தார். ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டன் சேரக் கூடாது என்று சொந்தக் கட்சியிலேயே குரல் கொடுத்தவர். 'பிரெக்ஸிட்' என்ற சொல் பிறப்பதற்குப் பல காலம் முந்தைய கதை அது.

ஆனால், அவர் கண் முன்னே ஊர் கரைந்தது. ரயில்வே பணிமனைகளும் ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. மக்கள் தொகை குறைந்தது. 1983 தொகுதி மறுவரையறையில் பேட்டர்சி வடக்கு என்ற பெயர் நீக்கப்பட்டு, மீண்டும் ஒரே பேட்டர்சி தொகுதி உருவானது. நான்கு பெரிய புகைபோக்கிகளால் அந்த ஊருக்கே அடையாளமாக நின்ற பேட்டர்சி மின் நிலையம், மின் உற்பத்தியை நிறுத்தியதும் அதே 1983-ல்தான்!

இன்று என்ன இருக்கிறது?

மின் நிலையம் இப்போது ஷாப்பிங் மால். 2022 அக்டோபரில் திறக்கப்பட்டது. புகைபோக்கி ஒன்றில் லிஃப்டில் ஏறி லண்டனைச் சுற்றிப் பார்க்கலாம். கீழே கண்ணாடி அடுக்குமாடிகள். பழைய தொழிலாளிகளின் பேரப் பிள்ளைகள் அங்கே வீடு வாங்குவது கனவிலும் கடினம்.

புதிய பேட்டர்சி தொகுதியும் தேர்தல் சுவாரஸ்யத்தை விடவில்லை. 1987-ல் கன்சர்வேட்டிவ், 1997-ல் தொழிற்கட்சி, 2010-ல் மீண்டும் கன்சர்வேட்டிவ் என்று மாறி மாறிச் சாய்ந்தது. 2005-ல் தொழிற்கட்சியின் மார்ட்டின் லிண்டன் ஜெயித்தது 163 வாக்குகளில். 2017 முதல் தொழிற்கட்சியின் மார்ஷா டி கார்டோவா எம்.பி-யாக இருக்கிறார். பார்வைக் குறைபாடு உள்ள கறுப்பினப் பெண்மணி. ஆர்ச்சரும் டெஸ்பார்ட்டும் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

டெஸ்பார்ட்டின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. ஆர்ச்சரின் முகத்தை 2013-ல் பிரிட்டன் தபால்தலையாக வெளியிட்டது.

சக்லத்வாலாவுக்கு? 1925-ல் அவரை உள்ளே விட மாட்டேன் என்று விசா மறுத்தது அமெரிக்கா. 2018-ல் அமெரிக்கா தன் லண்டன் தூதரகத்தை இடம் மாற்றியது. விசா கேட்டு மக்கள் வரிசையில் நிற்கும் அந்தப் பிரமாண்டக் கட்டடம் இருக்கும் இடம் நைன் எல்ம்ஸ். டெஸ்பார்ட் ஏழைகளோடு வாழ்ந்த, சக்லத்வாலா ஓட்டுக் கேட்டு நடந்த அதே பகுதி.

தொகுதி போய்விட்டது. கோடுகளை அழித்து வரைவது எளிது. ஆனால், பக்கத்து வீட்டுக்காரன் எந்த நாட்டில் பிறந்தான் என்று பார்க்காமல், தனக்காக யார் பேசுகிறார் என்று பார்த்து ஓட்டு போட்ட அந்த 15,096 பேரை வரலாற்றிலிருந்து அழிக்க முடியாது!